தவிட்டரிசி மானியம்

சண்டை முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் எங்கள் தெருவில் ஒரு லாரி வேகம் குறைத்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, "எல்லாரும் உள்ளேதானே இருக்கீங்க?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அரிசி டின்னில் பாதிக்குக் கீழே இறங்கினால் அன்றே பையோடு கடைக்குக் கிளம்பிவிடுவேன். சண்டைக் காலத்தில் ஒரு முறை பாலத்துக் காவலில் நின்ற ஜப்பான்காரனுக்குச் சரியாகக் குனியவில்லை என்று கன்னத்தில் வாங்கினேன். அந்தக் காது மழை நாட்களில் இப்போதும் இரைகிறது.

ஆனாலும் ஜப்பான்காரன் காலம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். அதற்குக் காரணம் மலாக்காவில் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளித் தோட்டம். அதற்குச் சர்க்கார் மானியம் வாங்கப் போய் நான் அடித்த கூத்தை என் மனைவி இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதில் பாதி கூடுதல். அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

நான் ரப்பர் வியாபார ஆபீஸ் ஒன்றில் கிராணியாக இருந்தவன். ஊர் நாட்டில் குமாஸ்தா என்பார்கள், இங்கே கிராணி. வெள்ளைக்காரன் கப்பலேறியதும் ஆபீஸ் பூட்டிக்கொண்டது. நாற்பத்தைந்து வயதில் வேலை இல்லாதவன் ஆனேன். அதுவரை நான் மண்ணைத் தொட்டதெல்லாம் கீழே விழுந்த பேனாவை எடுக்கும்போதுதான்.

அந்த நாட்களில் பத்து வீட்டுக்கு ஒரு தலைவரை வைத்திருந்தார்கள். எங்கள் பத்து வீட்டுக்கு வாய்த்தவர் ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், மூன்று தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம். எல்லாரும் அவரை நானா என்போம். கடையில் துணி தீர்ந்து வெறும் அலமாரிதான் நின்றது. விற்க ஒன்றுமில்லாததால் கடை மணியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் அறிவிப்பு வாசித்துவந்தார்.

ஒரு காலையில் மணி அடித்தது. நாங்கள் வெளியே வந்து நின்றோம்.

"காதைத் தொறந்து கேட்டுக்கங்க. வீட்டச் சுத்தி நெலம் இருக்கறவங்க மரவள்ளி நடணும். ஒரு தோட்டத்துல நூறு செடி உசுரோட நின்னா சர்க்கார் மானியம் உண்டு. அஞ்சு கந்தாங் அரிசி, ஒரு காத்தி உப்பு."

"அரிசியா நானா?" என்றேன்.

"அரிசிதான் கிராணி. நானும் நம்பாம மூணு தடவ படிச்சேன்."

என் மனைவிக்கு அது பிடிபடவில்லை. "கெழங்கு நட்டா அரிசி குடுப்பானாமா? அரிசி இருந்தா நாங்க எதுக்குக் கெழங்கு நடறோம்?"

"அத ஜெனரலப் பாத்துக் கேளுங்க தங்கச்சி. நான் மணி அடிக்கிறவன்." அவர் தாளைத் திருப்பினார். "இன்னொன்னு இருக்கு. அதிகாரி வருவாரு. இந்தச் செடின்னு கையக் காட்டுவாரு. அதப் புடுங்கணும். அடியில கெழங்கு இருந்தாத்தான் மானியம். வேற ஊர்ல முந்தின நாள் குச்சிய ஊனி வெச்சு ஏமாத்திட்டானுங்களாம்."

கந்தாங் என்பது எங்கள் ஊர் முகத்தல் அளவு, காத்தி எடை. ஐந்து கந்தாங் அரிசி என்றால், நாங்கள் அப்போது கஞ்சி காய்ச்சிய கணக்குக்கு, ஒரு வீடு இரண்டு மாதம் அரிசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் அன்றே புக்கிட் காதில் என்ற ஊருக்கு நடந்து போனேன். அங்கே ஒரு தோட்டத்தில் மரவள்ளித் தண்டு கிடைத்தது. இரண்டு நடை நடந்து தலையில் சுமந்துவந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஒழுங்கு. கயிறு கட்டிக் கோடு பிடித்து, அடிக்கோலால் அளந்து, மூன்றடிக்கு ஒன்றாக நூறு தண்டுகளை நட்டேன். பழைய பால் டின்களை வெட்டித் தகடாக்கி, ஆணியால் ஒன்று முதல் நூறு வரை எண் கீறி, ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் குத்திவைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது என் ஆபீஸ் அலமாரியே தரையில் படுத்திருப்பதுபோல் இருந்தது. பெருமையாக இருந்தது.

மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு அம்மா மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி வந்தவர். என் வயதுதான் இருக்கும். எங்களைப்போலவே கோயிலுக்குப் போவார், விபூதி பூசுவார். ஆனால் சாரோங் கெபாயாதான் உடை, மலாய்தான் பேச்சு. இடையில் எப்போதாவது ஒரு தமிழ்ச் சொல் வழிதவறி வந்ததுபோல் வரும். அவர் சொன்னதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அவரை மலாய் வழக்கப்படி மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். அவருக்கும் என் மனைவிக்கும் கோழி விஷயத்தில் பல வருடச் சண்டை. இவள் தமிழில் திட்டுவாள், அவர் மலாயில் திட்டுவார். இருவருக்கும் ஒரு வார்த்தை தவறாமல் புரியும்.

"கிராணி, கிராணி!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எல்லாத்தையும் தலைகீழா நட்டிருக்கே! கணு பாரு, கீழ பாக்குது. உன் மரவள்ளி பூமிக்குள்ள இலை விட்டு, வானத்துல கிழங்கு வைக்கப்போகுதா?"

நூறையும் பிடுங்கித் திருப்பி நட்டேன். தகடுகள் மட்டும் சரியாக இருந்தன.

அவர் தோட்டத்தில் ஐம்பது செடிதான் இருந்தது. மீதி நிலத்தில் மல்லிகையும் பாண்டான் என்ற வாசனை இலையும். அவற்றைப் பிடுங்கினால் அவருக்கும் நூறு வந்துவிடும். நானா அதைச் சொல்லிப் பார்த்தார்.

"எங்க முன்னோருக்கு வருசத்துல ஒருநாள் படைக்கணும்," என்றார் மக்சிக். "பூ இல்லாம எப்படிக் கூப்பிடறது? மரவள்ளி இலையக் காட்டினா வருவாங்களா? எனக்கு மானியம் வேண்டாம்."

மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. செடிகள் என் இடுப்புக்கு வந்தன. அப்போது மகள் வந்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மருமகன் தம்பின் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தார். மலாக்காவுக்கு வரும் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், கரியில் ஓடும் பஸ்ஸில் பாதி நாள் உட்கார்ந்து வந்தார்கள். மகளுக்கு ஆறாம் மாதம். முதல் பிள்ளை. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நான் வயிற்றைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள். கணுக்கால் என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை.

அடுத்த சந்தில் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக, டிரெசராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வந்து பார்த்தார். அவள் காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். குழி நிரம்பவில்லை.

"என்ன சாப்பிடறா?"

"மரவள்ளிதான். வேற என்ன இருக்கு?" என்றாள் மனைவி.

"அதான். பெரிபெரி. ஊர் பாதிப் பேருக்கு இருக்கு. ஆனா இவ ரெண்டு உசுரு." அவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "கிராணி, மருந்து கெடையாது. அரிசி வேணும். வெள்ளையாத் தீட்டின அரிசியில பிரயோசனம் இல்ல. தவிட்டோட இருக்கணும். தவிடு மட்டும் கெடச்சாக்கூடப் போதும், வறுத்துக் குடுங்க. வீக்கம் நெஞ்சுக்கு ஏறிட்டா, பிரசவத்துல தாங்க மாட்டா."

தவிடு! சண்டைக்கு முன்னால் கோழிக்குப் போட்டது. இப்போது அதையும் பட்டாளத்துக் குதிரைக்கென்று ஆலையிலிருந்தே கொண்டுபோய்விட்டார்கள். பாசாரில் எங்கும் விசாரித்தேன். கிளேபாங் வரை போய்க் கேட்டேன். அங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பு கிடைத்தது, தவிடு கிடைக்கவில்லை.

எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஐந்து கந்தாங்தான். எந்த அரிசியானாலும் சரி, மரவள்ளியை விட மேல். பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மகளுக்கு அப்போது எட்டாம் மாதம் நடக்கும்.

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அதிகாரி எந்தச் செடியைக் காட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? நூறில் ஒன்றில் கிழங்கு இல்லாமல் இருந்து, அவர் கை அதற்கு நேராக நீண்டால்? ஆபீசில் ஒரு கோப்பைப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பியவன் இல்லை நான். விடிந்ததும் மண்வெட்டியை, இங்கே சங்குல் என்போம், எடுத்துக்கொண்டு போய், முதலாம் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக மண்ணைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன். கிழங்கு கண்ணில் பட்டால் தகட்டில் ஒரு புள்ளி. இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி விழுந்த செடியை இரண்டு நாள் கழித்து மறுபடி தோண்டுவேன். மறுபடியும் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி.

பத்து நாளில் இலைகள் தொங்கின. பதினைந்து நாளில் உதிர்ந்தன. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பூச்சி என்று நினைத்துச் சாம்பல் போட்டேன். வேருக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தேன்.

ஒரு காலையில் வேலிக்கு மேலே மக்சிக்கின் தலை தெரிந்தது.

"கிராணி, என்ன தேடறே? மோதிரம் தொலைஞ்சுபோச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டார். அவர் அவளைச் சண்டைக்கு அல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உன் புருசன் கையில இருக்கற சங்குல வாங்கி ஒளிச்சு வை. வேரைத் தினம் தினம் அறுத்துட்டு, ஏன் காயுதுன்னு கேக்கறாரு."

மனைவி என்னைப் பார்த்தாள். செடிகளைப் பார்த்தாள். "நூறு தகடு குத்தி வெச்சாரே, படிச்ச மனுசன்னு நெனச்சேன்," என்றாள். சங்குல் அன்றைக்கே காணாமல் போயிற்று. எங்கே ஒளித்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு செத்துவிட்டன. அறுபத்திரண்டு மிச்சம். புதிதாக நட்டால் பரிசோதனைக்குள் கிழங்கு வைக்காது. என் மகளின் அரிசியை நானே தோண்டிக் கொன்றுவிட்டேன். அன்று முழுவதும் நான் வீட்டுக்குள் வரவில்லை. செத்த செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் மக்சிக் வேலியருகே வந்து நின்றார். "அறிவிப்புல என்ன சொன்னாங்க? ஒரு வீட்டுக்கா, ஒரு தோட்டத்துக்கா?"

"ஒரு தோட்டத்துக்கு," என்றேன்.

"உங்கிட்ட அறுபத்திரண்டு. எங்கிட்ட ஐம்பது." வேலியை ஒரு தட்டுத் தட்டினார். "இது இல்லேன்னா எத்தனை தோட்டம்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் அந்த வேலி லேசான விஷயம் இல்லை. அதை வைத்துத்தான் இரண்டு பெண்களும் இத்தனை வருடம் வழக்கு நடத்தியிருந்தார்கள். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"வேலிய எடுத்தா அவங்க கோழி இங்க வரும்."

"உன் கோழி மட்டும் வீட்டுல உக்காந்து பாட்டுப் படிக்குமா?" என்றார் மக்சிக்.

"முட்டை?" என்றாள் மனைவி.

இருவரும் யோசித்தார்கள். உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "எந்தக் கோழி எங்க போட்டாலும் முட்டை எனக்கு!"

அதோடு வழக்கு தீர்ந்தது. அன்றே வேலியைப் பிடுங்கி விறகுக்கு அடுக்கினோம். ஒருமாதிரி கூச்சமாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை. கோழிகள்தான் முதலில் புரிந்துகொண்டன.

அடுத்த ஆறு வாரம் நான் செடிகளைத் தொடவில்லை. தொடவிடவில்லை. அந்தக் கவலையெல்லாம் மகளின் கால் பக்கம் திரும்பியது. காலையில் எழுந்ததும் போய் விரலால் அழுத்திப் பார்ப்பேன். மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. ஒருநாள் அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, நான் என்ன மரவள்ளியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது.

பரிசோதனை நாள் வந்தது. ஒரு ஜப்பானிய அதிகாரி, கூட விவசாய ஆபீசின் மலாய்க்காரக் கிராணி ஒருவர் மொழிபெயர்ப்புக்கு, பின்னால் மணியோடு நானா. அதிகாரியைப் பார்த்ததும் என் காது இரைய ஆரம்பித்தது. இடுப்பு வலிக்கும்வரை குனிந்தேன். மனைவியும் மக்சிக்கும் இரண்டு பக்கமும் குனிந்தார்கள்.

அவர் என் தகடுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"இந்தக் குறி என்னன்னு கேக்கறாரு," என்றார் மலாய்க்காரர்.

பெருக்கல் குறி. கிழங்கு இல்லை என்று நானே கீறிய சாட்சி.

"அது பூச்சி வராம இருக்க மந்திரக் குறி," என்றார் மக்சிக், மலாயில், கண்ணிமைக்காமல். "எங்க கோயில்ல சொல்லிக் குடுத்தது."

மலாய்க்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரி தலையாட்டிக்கொண்டு நடந்தார். அந்தக் கோயிலில் அப்படி ஒன்றும் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். நானா மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

செடிகளை எண்ணினார்கள். நூற்றுப் பன்னிரண்டு. பிறகு அதிகாரி தன் கைத்தடியை நீட்டினார். மக்சிக்கின் செடி ஒன்றைக் காட்டுவார் என்று நான் எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டிருந்தேன். தடி என் பக்கம் திரும்பியது. முப்பத்தேழாம் எண். தகட்டில் ஒன்றல்ல, மூன்று பெருக்கல் குறிகள். மூன்று தடவை தோண்டியிருக்கிறேன், நூல்போல வேரைத் தவிர ஒன்றும் கண்டதில்லை.

"புடுங்கு," என்றார் மலாய்க்காரர்.

தண்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். அசையவில்லை. அதிகாரி தடியைத் தரையில் தட்டினார். மக்சிக் கெபாயாவின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து எனக்குக் கீழே தண்டைப் பிடித்தார். மனைவி எங்கள் இருவருக்கும் பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "இழுங்க!" என்றாள்.

மண் விரிசல் விட்டது. மூவரும் மல்லாந்து விழுந்தோம். மனைவி அடியில், நான் அவள் மேல், என் நெஞ்சின் மேல் முப்பத்தேழாம் எண். அதன் அடியில் என் முன்கை அளவுக்கு நான்கு கிழங்குகள். சின்னதாக இன்னும் இரண்டு.

நான் பார்க்காத ஆறு வாரத்தில் அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

அதிகாரி சிரித்துவிட்டார். அப்படி ஒரு ஆள் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயத்தோடுதான் நானும் சிரித்தேன். "ஒரு செடியப் புடுங்க மூணு பேரான்னு கேக்கறாரு," என்றார் மலாய்க்காரர்.

"நடறதுக்கு ஒருத்தர், கெடுக்கறதுக்கும் அவரே," என்றாள் அடியிலிருந்து மனைவி. அதை மலாய்க்காரர் மொழிபெயர்க்கவில்லை. சீட்டு கொடுத்தார்கள்.

சீட்டு கையில் வந்து மூன்று வாரம் கழித்துத்தான் அரிசி கொடுத்தார்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு கிடங்கு. நானும் மக்சிக்கும் பையோடு போனோம். எங்கள் பத்து வீட்டில் சீட்டு கிடைத்த ஏழெட்டுப் பேர் வரிசையில் முன்னால் நின்றார்கள். அவர்களுக்குத் தலைமையாக நானா. முதல் மூட்டையை அவிழ்த்ததும் வரிசையில் சலசலப்பு எழுந்தது.

"என்ன இது, செங்கல் பொடி நெறத்துல?"

"தீட்டவே இல்ல. உமிய மட்டும் எடுத்துட்டு அப்படியே கொட்டியிருக்கான்."

"கோழித் தீனி! ஆறு மாசம் மண்ணக் கிண்டினதுக்குக் கோழித் தீனி!"

நான் வரிசையை விட்டு முன்னால் ஓடினேன். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். பழுப்பாக, மங்கலாக, விரலிடுக்கில் மாவுபோல் தவிடு ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தேன். எதுவும் புழுத்திருக்கவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதில், பகல் வெளிச்சத்தில், காவல்காரன் பார்க்க.

"கிராணிக்கு மூளை கழண்டுபோச்சு," என்றார் யாரோ.

"நானா, தவிடு! தவிடு நானா! எம்மகளுக்கு டிரெசர் கேட்டது இதத்தான்!"

நானா என் முகத்தைப் பார்த்தார். அவர் வீட்டிலும் மகள்கள் உண்டு. மணியைத் தூக்கி, கிடங்கு அதிர அடித்தார்.

"பத்து வீட்டுக்காரங்க கேட்டுக்கங்க! இந்த அரிசிய இப்படியே தின்னப் போறது யாரு? ஒருத்தரும் இல்ல. எல்லாரும் வீட்டுல போட்டுக் குத்தத்தான் போறீங்க. குத்துற தவிடு அத்தனையும் கிராணி வீட்டுக்குப் போகணும். உத்தரவு!"

"யாரு உத்தரவு?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"மணி யாரு கையில இருக்கு?"

அப்படி ஒரு உத்தரவு எந்த ஆபீசிலிருந்தும் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வாசலுக்குத் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டின்னிலும் தவிடு வந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் மானியம் வாங்காதவர். அவர்கூட வேறெங்கிருந்தோ ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார்.

மக்சிக் மானியத்தில் தன் பங்காக வந்த பாதி அரிசியை உரலில் போட்டு, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தானே குத்தினார். "எங்க முன்னோருக்கு வெள்ளைச் சோறுதான் வைக்கணும்," என்றார். "பழுப்புச் சோத்த வெச்சா, வீட்டுல எல்லாரும் சுகமில்லாம இருக்காங்களான்னு கேப்பாங்க." புடைத்த தவிட்டை ஒரு துளி சிந்தாமல் முறத்தோடு தூக்கிக்கொண்டு எங்கள் அடுக்களைக்கு வந்தார். வேலி இல்லாததால் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கவில்லை. வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லத்தைச் சீவிப் போட்டு, உருண்டை பிடித்தார். மகள் ஒன்றைத் தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

போகிக்கு அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படைத்தார்கள். இலை போட்டு, வெள்ளைச் சோறும் கறிகளும் மல்லிகையும் வைத்து, கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். நாங்களும் கொல்லையில் அவர்களோடு காத்திருந்தோம். மகள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மக்சிக், கதவத் தொறந்து பாத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"உன்னப்போல ஆளுக்குத்தான் கதவையே சாத்தறோம்," என்றார்.

அப்போது மகள் என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, இன்னிக்கு நீங்களே அழுத்திப் பாருங்க."

தவிடு வந்த பிறகு என்னை அவள் கிட்டேயே விடவில்லை. அம்மாவின் கட்டளை. இரண்டு வாரம் கழித்து முதன்முறையாகக் குனிந்து கணுக்காலைப் பார்த்தேன். கணுக்கால் இருந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. நான் எண்ணத் தொடங்குவதற்குள் மூடிக்கொண்டது. இன்னொரு முறை அழுத்தினேன், மூடிக்கொண்டது. மூன்றாவது முறைக்கு அவள் விடவில்லை. நான் எழுந்திருக்காமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, காலை வெயில் ஏறும் நேரத்தில் பேத்தி பிறந்தாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும் டிரெசர் கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் சுகம். அம்மா பசிக்குதுங்கறா," என்றார். தம்பினிலிருந்து மருமகன் அன்று மதியம்தான் வந்து சேர்ந்தார். வலி கண்ட சேதி கேட்டு, டயருக்குப் பதிலாக ரப்பர்த் தண்ணீர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளை விடியலிலிருந்து மிதித்து வந்தவர், விஷயம் கேட்டதும் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார்.

அதற்கு முன்பே நானா மணியோடு தெருவில் இறங்கிவிட்டார். சர்க்கார் அறிவிப்புக்கு மட்டும்தான் அந்த மணி என்பதை அவர் கவனத்தில் கொள்ளவில்லை.

"கேட்டுக்கங்க, கேட்டுக்கங்க! கிராணி தோட்டத்துல நூத்திப் பதிமூணாவது செடி! உசுரோட நிக்குது!"

தொட்டிலருகே என்னை விட்டார்கள். துணியிலிருந்து ஒரு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மெதுவாக ஒரு விரலை நீட்டினேன். ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடலாம் என்றுதான்.

மக்சிக் என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"சங்குல்!" என்றாள் மனைவி. எனக்குப் புரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.